முடிச்சுப் போட்ட கொடிக்கயிறு

எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு இருக்கும். நீல நைலான் கயிறு. வாசல் வேப்பமரத்திலிருந்து சமையலறை ஜன்னல் கம்பிவரை இழுத்துக் கட்டியிருக்கிறோம். ஐந்தாவது முடிச்சிலும் பத்தாவது முடிச்சிலும் சிவப்புத் துணிக் கிழிசல் சுற்றியிருக்கும். வெயிலில் கிடந்து கிடந்து நீலமும் வெளுத்துவிட்டது, சிவப்பும் வெளுத்துவிட்டது. அம்மா இரண்டு முடிச்சுக்கு நடுவே ஒரு சட்டை என்று கணக்காகக் காயப்போடுவாள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "இன்னா இது, அறுந்து அறுந்து முடிச்சு போட்டீங்களா? ஒரு புதுக் கயிறு வாங்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். அம்மா சிரித்துவிட்டுப் போவாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் மட்டும் அந்தக் கயிற்றில் எதுவும் காயாது. அன்றைக்கு அதற்கு வேறு வேலை இருக்கிறது.

அந்தக் கயிறு எங்கள் மேடத்தினுடையது. நான் படித்த பொறியியல் கல்லூரியில் சிவில் துறைப் பேராசிரியர். செங்கல்பட்டில் வீடு. அங்கிருந்து கேளம்பாக்கம் பக்கம் இருக்கும் கல்லூரிக்கு ஒரு பழைய வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். பருத்திப் புடவையும் கேன்வாஸ் ஷூவும் சேர்த்துப் போட்ட வேறொருவரை நான் பார்த்ததில்லை. காரின் பின்சீட்டில் பாதி மணல் இருக்கும், பாதி விடைத்தாள் இருக்கும். டிக்கியைத் திறந்தால் அந்த நீலக் கயிறு, அதன் நுனியில் ஒரு சின்ன எவர்சில்வர் வாளி, ஒரு லிட்டர் பாட்டில்கள், பேனா மாதிரி ஒரு மீட்டர். அதைத் தண்ணீரில் நனைத்தால் எவ்வளவு உப்பு என்று எண் காட்டும். எங்கள் காலனியில் அதற்கு 'உப்புப் பேனா' என்று பெயர். மேடம் இந்த வருடம் பணி ஓய்வு பெற்றார். துறையில் விழா மலர் போடுகிறோம், ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள். ஒரு பக்கத்தில் எழுத வரவில்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வாழ்க்கையில் என்னை முதன்முதலாக 'நீங்க' என்று சொன்னவர் மேடம்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் ஊருக்கு மேற்கே உள்ளவர்களின் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அப்பா பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டினார். வயலில் என்றாலும் ஸ்டாண்டில் என்றாலும் எங்களைக் கூப்பிடுகிற குரல் எப்போதும் 'டேய்' என்றுதான் தொடங்கும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கல்லூரியில் முதல் வாரம், தமிழில் படித்துவிட்டு வந்த பத்துப் பதினைந்து பேர் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். மேடம் நேராக வந்து என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, மண்ணுக்குள்ள தண்ணி எப்படிப் போகுது?" என்றார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. "உங்களத்தாங்க கேக்கறேன்" என்றார். எழுந்து நின்று தலையைச் சொறிந்தேன். அதற்கு அவர் வகுப்புக்கே ஒரு விதி சொன்னார்: "புரியலன்னா தமிழ்ல கேளுங்க. புரிஞ்சிடுச்சுன்னா இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க." அந்த ஒரு விதியில்தான் நான் நான்கு வருடத்தையும் ஓட்டினேன்.

அவர் பாடம் நடத்தின விதமும் அப்படித்தான். கடல் தண்ணீர் கிணற்றுக்குள் வருவதைப் பற்றிப் பலகையில் எழுதிப் போடுவதற்கு முன்னால், ஒரு மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோவளத்திலிருந்து அள்ளி வந்த மணலை அதில் நிரப்பியிருந்தார். ஒரு பக்கம் நல்ல தண்ணீர், இன்னொரு பக்கம் நீலச் சாயம் கலந்த உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்ப் பக்கத்தில் ஊசி போடுகிற சிரிஞ்சைச் செருகி என்னை இழுக்கச் சொன்னார். நான் இழுக்க இழுக்க, நீலம் மணலுக்கு அடியில் ஒரு நாக்கு மாதிரி நீண்டு வந்தது. மெதுவாக, சத்தமே இல்லாமல், தொட்டியின் பாதியைத் தாண்டி, கடைசியில் சிரிஞ்சுக்குள்ளேயே ஏறிவிட்டது. "இப்ப இழுக்கறத நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். நீலம் பின்வாங்கவில்லை. வகுப்பே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தது எங்கள் காலனியை.

எங்கள் காலனி கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே இருக்கிறது. சாலையைத் தாண்டினால் கடல். பின்னால் போனால் உப்பங்கழியும் உப்பளமும். நடுவில் நாங்கள். காலனியில் நான்கு கிணறு. நான் சின்னவனாக இருந்தபோது அதைத்தான் குடித்தோம். சுற்றிலும் ரிசார்ட்டும் பண்ணை வீடும் வந்து, ஆழ ஆழமாகப் போர் போட்ட பிறகு, முதலில் டீ திரிந்தது. பிறகு பருப்பு வேகவில்லை. பிறகு சோப்பு நுரைக்கவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, மணல் மேட்டில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே இருந்த பம்புசெட்டில் மட்டும் நல்ல தண்ணீர் வந்தது. தோப்புக்காரர் நல்ல மனுஷன், காலையில் பம்பு ஓடும்வரை பிடித்துக்கொள்ளச் சொல்வார். அம்மா தினமும் மூன்று நடை நடந்தாள். முட்டி வலிக்கு மஞ்சள் எண்ணெய் தடவிக்கொண்டு நடந்தாள். நான் இறுதியாண்டில் இருந்தபோது, அந்தத் தோப்பைப் பிளாட் போட விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று காலனியில் யாருக்கும் தெரியவில்லை.

மேடத்துக்கு ஆராய்ச்சியும் ஊர் வேலையும் ஒரே சனிக்கிழமையில் நடக்கும். கடலோரக் கிணறுகளில் உப்பு மாதாமாதம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. அதே எண்களைக் கட்டணம் எதுவும் வாங்காமல் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பார். கிணறு கெட்டுப்போன குடியிருப்புகளுக்கு உள்நாட்டிலிருந்து குடிநீர்க் குழாய் கொண்டுவரும் திட்டம் ஒன்று அப்போது வந்திருந்தது. எந்தெந்த ஊர் என்று முடிவு செய்ய அந்த எண்கள்தான் ஆதாரம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். முதல் சனிக்கிழமைகளில் மேடம் காரில் நானும் போவேன். ஒவ்வொரு ஊரிலும் அவரே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றை இறக்குவார். முடிச்சை எண்ணித் தண்ணீர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று சொல்வார், நான் எழுதுவேன். எங்கள் காலனிக்கு மட்டும் அவர் வரவில்லை. "அது உங்க ஊரு. நீங்களே பாத்துக்குவீங்க" என்று சொல்லிப் பாட்டில்களை என்னிடம் கொடுத்துவிடுவார். எனக்கு அதில் எவ்வளவு பெருமை!

அந்தப் பெருமையில்தான் தப்பு நடந்தது. மற்ற ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். அம்மா, "நீ இன்னாத்துக்குடா வந்து வந்து அலையற? பாட்டில குடுத்துட்டுப் போ, நான் ரொப்பி வெக்கறேன்" என்றாள். சரி என்றேன். நம் வீடு, நம் அம்மா, நம் கிணறு. நான்கு பாட்டிலிலும் எந்தக் கிணறு என்று ஒட்டி வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் நான்கும் கழுவித் துடைத்து, மூடி இறுக்கி, வரிசையாக நிற்கும். மூன்று மாதம் இப்படி. உப்புப் பேனாவை நனைத்து எண்ணை எழுதினேன். எண் நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் மேலே ஓடுகிற மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். படித்தவன் இல்லையா, காரணம் உடனே கிடைத்துவிட்டது. அறிக்கையில் ஊருக்கு ஒரு வரி, கிணறுகளின் சராசரி மட்டும் போட்டேன். கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் ஆய்வுக் குழு வரப்போகிற பரபரப்பு. மேடம் வேகமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அறிக்கை செங்கல்பட்டுக்குப் போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிறேன், வார்டு மெம்பர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மாமா முறை.

"வாடா இன்ஜினியரு. ஊருக்கே தண்ணி காட்டிட்டியே."

"இன்னா மாமா?"

"கொழா வர்ற லிஸ்டு போட்டுட்டாங்கடா. நம்ம காலனி அதுல இல்ல. ஆபீஸ்ல போயி கேட்டா, உங்க கெணத்துல தண்ணி நல்லா கீதாமே, காலேஜ்லேந்து எழுதிக் குடுத்துகீறாங்கன்றான். எந்தக் காலேஜுய்யான்னேன். உன் காலேஜுதான்டா. வெள்ளிக்கெழம லிஸ்டு மேல போவுது. போனா அவ்ளோதான்."

பெஞ்சில் இருந்த இன்னொருவர், "படிக்க வெச்சா இதுக்குத்தான்" என்றார். யாரும் என்னை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் மேடத்தின் அறை வாசலில் நின்றேன். கேட்டதும் அவர் என்னைத் திட்டவில்லை. "நோட்டு எங்க? சராசரி இல்ல, பாட்டில் பாட்டிலா எழுதின நோட்டு" என்றார். கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை வரிவரியாக ஓட்டினார். மற்ற ஊர்களில் ஒரு கிணறு ஒரு மாதிரி, பக்கத்துக் கிணறு இன்னொரு மாதிரி. எங்கள் காலனி வந்ததும் விரல் நின்றது. முதல் மாதம் நான்கு கிணறும் ஒரே எண். இரண்டாம் மாதம் வேறு எண், ஆனால் நான்கிலும் அதே. மூன்றாம் மாதமும் அப்படியே. நான் எழுதினவன், நான் அதைப் பார்க்கவில்லை. "நாலு பொண்ணுங்க பேசி வச்சுக்கிட்டு ஒரே கலர்ல புடவ கட்டலாம்," என்றார் மேடம். "நாலு கெணறு ஒரே உப்புல இருக்காதுங்க. பாட்டில் ரொப்பினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்ல மேடம். அம்மா."

மதியம் வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அந்த வெள்ளைக் கார் முதன்முறையாக எங்கள் காலனிக்குள் வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. காலேஜ் மேடம் வந்திருக்கிறார் என்றதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், அடுப்பில் டீ வைத்தாள், பக்கத்துக் கடைக்கு பிஸ்கட் வாங்க ஆள் அனுப்பினாள். மேடம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ திரியலையே, எந்தத் தண்ணிம்மா?" என்றார். "தோப்புத் தண்ணி மேடம். காலைல புடிச்சது." "பாட்டில்ல ரொப்பிக் குடுத்தீங்களே, அது?" அம்மா கொஞ்சமும் தயங்காமல், பெருமையாகவே சொன்னாள்:

"அதுவும் அந்தத் தண்ணிதான் மேடம்."

நான் எழுந்துவிட்டேன். "ஏம்மா! கெணத்துத் தண்ணின்னு ஒட்டியிருந்தேனே!"

"நீ ஒட்டுவடா. அந்தத் தண்ணியப் போயி காலேஜுக்குக் குடுப்பாங்களா? எங்க வூட்டுத் தண்ணின்னு ஒரு எடத்துக்குப் போவுதுன்னா, நல்ல தண்ணியா போவணுமா இல்லியா? நாளைக்கு அவங்க வாயில வெச்சுப் பாத்து, சீ, இவன் வூட்டுத் தண்ணி இப்டி கீதேன்னு ஒன்னத்தான நெனப்பாங்க?" என்றாள். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, "நாலு கெணத்தாண்ட வூட்டுக்காரங்களும் அவங்கவங்க கொடத்துலேந்து தரேன்னாங்க மேடம். எதுக்கு எல்லாருதும் கொறையணும்? நம்ம கொடத்துலேந்தே நாலுலயும் ஊத்திட்டேன். துணியில வடிகட்டித்தான் ஊத்துனேன்."

ஒன்றரை கிலோமீட்டர் தலையில் சுமந்து வந்த தண்ணீரில், மாதம் நான்கு லிட்டரை என் படிப்புக்காக ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். கோபத்தில் கத்த வாயெடுத்தேன். மேடம் என்னைப் பார்த்துக் கையை அமர்த்தினார். அவர் முகத்தில் எதுவோ ஒன்று நடந்தது. சிரிப்பா, அழுகையா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் டிக்கியைத் திறந்து கயிற்றையும் வாளியையும் எடுத்து வந்தார். காலனி சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கிணற்றடியில் நின்று, அவரே இறக்கினார், முடிச்சை எண்ணினார், இறைத்தார். பாட்டிலில் பிடிப்பதற்கு முன்னால், "ஒரு டம்ளர் குடுங்கம்மா" என்றார்.

"வேணாம் மேடம்."

"குடுங்க."

"வேணாம் மேடம், சொன்னா கேளுங்க. மாட்டுக்குக்கூட நாங்க இத வெக்கறதில்ல. ஒங்களுக்கு எப்டி மேடம் குடுக்கறது?"

அம்மா டம்ளர் தரவில்லை. மேடம் வாளியிலிருந்து உள்ளங்கையில் அள்ளிக் குடித்தார். கரிப்பில் கண் சுருங்கியது. ஆனால் துப்பவில்லை, விழுங்கினார். அதற்குள் கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். "நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றார் மேடம். "எல்லா ஊருக்கும் போன நான் இந்த ஒரு கெணத்துக்கு வரல. வந்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். தப்பு என்னுது." உப்புப் பேனாவை நனைத்தார். எண் ஏறிக்கொண்டே போய் எங்கேயோ நின்றது. நான் எழுதியிருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்று சாயங்காலம் கல்லூரிக்குத் திரும்பி, அறிக்கையைத் திரும்ப வாங்கப் போவதாக மேடம் சொன்னதும், கல்லூரி முதல்வர் அறையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு சரியாக மூடாது. ஆய்வுக் குழு வருகிற நேரத்தில், கொடுத்த அறிக்கையைத் தப்பு என்று திரும்ப வாங்கினால் கல்லூரிப் பெயர் என்ன ஆகும், ஒரு மாதம் கழித்துத் திருத்தம் என்று சொல்லி அனுப்பலாமே என்று முதல்வர் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு அவர் கவலை. மேடத்தின் குரல் உயரவில்லை. "ஒரு மாசம் கழிச்சு லிஸ்ட் இருக்காது சார். தப்பான நம்பர் மேல நிக்கற பேரு எத்தன நாளு சார் நிக்கும்?" என்றார். அந்த மூன்று மாத எண்களையும் சேர்த்து அவர் ஒரு பன்னாட்டு இதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தார். இரண்டு வருட உழைப்பு. அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்றைக்கே எழுதிவிட்டார் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்து, வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை செங்கல்பட்டு அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடிதத்தைத் தமிழில் கையால் எழுதியிருந்தார். 'மாதிரிகள் முறைப்படி எடுக்கப்படவில்லை. பொறுப்பு என்னுடையது' என்று இரண்டே வரி. அதிகாரி படித்துவிட்டு, "சாம்பிள் எடுத்தது யாரு மேடம்?" என்றார். "கையெழுத்து என்னுது சார். நான்தான்னு எழுதிக்கங்க." நான் எழுந்து நின்றுவிட்டேன். "நான்தான் சார். எங்க ஊருதான்." அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் ஊர்த் தண்ணி எப்படியிருக்கும்னு உனக்கே தெரியாதா?" என்றார். தெரியும். நாக்குக்குத் தெரியும். நோட்டில் எழுதும்போது நாக்கை நம்பாமல் எண்ணை நம்பினேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மேடம் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். அதிகாரி முன்னால், அந்த 'நீங்க'. அவமானத்தில் பாதி அங்கேயே கரைந்தது. கடைசியில் அதிகாரி இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலை அரசு ஆய்வகத்து ஆள் நேரில் வந்து தண்ணீர் எடுப்பார், அதுவரை பட்டியலை நிறுத்தி வைக்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு கூத்து. அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டு, சுற்றிலும் சுண்ணாம்பு தூவுவது எங்கள் ஊர் வழக்கம். மெம்பர் மாமா ஒரு மூட்டையோடு கிணற்றடிக்கு வந்துவிட்டார். அம்மா துடைப்பத்தோடு கிணற்றின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாத்த, அந்த மூட்டைய அப்டியே எடுத்துகினு போயிடு."

"ஆபீசரு வராங்கமே. கெணறு நாறுது பாரு."

"நாறட்டும். அது எப்டி கீதோ அப்டியே பாக்கட்டும். பவுடரு கிவுடரு போட்டே, ஒன்னயே உள்ள போட்ருவேன்."

"இன்னாமே, ஒன் புள்ள இன்ஜினியருன்னா நீயும் இன்ஜினியரா?"

"ஆமா. போவியா."

கூடியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மாமா மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆய்வகத்து ஆள் வந்தபோது நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. நான்கு கிணற்றிலும் அவரே இறைத்து, அவரே பிடித்து, அவரே மூடினார். தாகம் என்று அவர் கேட்டபோது மட்டும் அம்மா ஓடிப்போய்த் தோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆய்வக முடிவு வந்ததும் எங்கள் காலனி பட்டியலில் கடைசி வரியாக, பேனாவால் எழுதிச் சேர்க்கப்பட்டது. குழாய் வர நாள் பிடித்தது. தோப்பை விற்று வேலி போட்ட பிறகு ஒரு கோடை முழுக்க லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டோம். ஆனால் வந்தது.

மேடம் அந்தக் கட்டுரையை முதலிலிருந்து திரும்பச் செய்தார். இந்த முறை முதல் சனிக்கிழமைகளில் எங்கள் காலனிக்கும் வந்தார். ஒரு வருடம் கழித்து அது அச்சானபோது ஒரு பிரதியை என்னிடம் கொடுத்து, கடைசிப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னார். நன்றி சொல்லும் பத்தியில் கிணற்றுக்கு ஒருவராக நான்கு பெண்களின் பெயர். முதல் பெயர் அம்மாவுடையது. ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வெளியே அந்தப் பெயரை அச்சில் நான் பார்த்தது அன்றுதான். அம்மா தாளை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், விரலால் தடவிப் பார்த்தாள். கட்டுரையின் நடுவில் இன்னொரு வரியும் இருந்தது. இந்தக் கரையோர மக்கள் வந்தவர்களுக்கு உப்புத் தண்ணீர் தருவதில்லை, எனவே மாதிரி எடுப்பவர் தன் கையாலேயே இறைக்க வேண்டும் என்று. அறிவியல் கட்டுரைக்கு இந்த வரி எதற்கு, எடுத்துவிடுங்கள் என்று இதழிலிருந்து எழுதினார்களாம். மேடம் எடுக்கவில்லை. அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "இத போயி எழுதுவாங்களா? எல்லாரும் செய்றதுதான!" என்றாள்.

நான் இப்போது செங்கல்பட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்களை 'நீங்க' என்றுதான் சொல்கிறேன். முதலில் அவர்களும் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள். மேடம் மாதிரி நான் ஆகவில்லை, ஆக முடியும் என்றும் தோன்றவில்லை. எரிச்சல் வருகிறது, சனிக்கிழமை என்றால் தூங்கத் தோன்றுகிறது. ஆனால் ஒரு மாணவன் எண்களைக் கொண்டுவந்து நீட்டினால், சராசரியைப் பார்ப்பதற்கு முன் "யாரு எடுத்தது?" என்று என் வாய் தானாகக் கேட்கிறது.

கயிறு எங்கள் வீட்டுக்கு வந்தது, மேடம் கட்டுரையைத் திரும்பச் செய்த அந்த வருடம்தான். எங்கள் நான்கு கிணறும் மாதாமாதம் பார்க்க வேண்டிய கிணறுகளாகிவிட்டதால், மேடம் தனக்கு வேறு கயிறு வாங்கிக்கொண்டு இதை வாளியோடு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "இது இங்கயே இருக்கட்டும்மா. நாங்க பாட்டில் மட்டும் கொண்டு வர்றோம்." சும்மா கிடக்கிற கயிற்றை வீணாக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, கொடி கட்டிவிட்டாள். மேடம் அடுத்த மாதம் வந்து பார்த்து, ஐந்தாவது முடிச்சில் தொங்கின என் அப்பாவின் லுங்கியைப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

போன மாதம் முதல் சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். மேடம் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் மாதம் அது. இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண் ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். தோளில் பை, கையில் நான்கு பாட்டில், முகமெல்லாம் வியர்வை. இன்னும் மூன்று ஊர் பாக்கி என்றாள். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்து அம்மா அன்று கொடி நிறையத் துணி போட்டிருந்தாள். அந்தப் பெண் கொடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, பாட்டில வச்சிட்டுப் போறேன், கொஞ்சம் ரொப்பி வக்கிறீங்களா? கோவளம் போயிட்டு வந்து எடுத்துக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கொடியிடம் போய்விட்டாள். சட்டை, பாவாடை, தலையணை உறை என்று ஒவ்வொன்றாக உருவி என் தோளில் போட்டாள். எல்லாம் ஈரம். ஜன்னல் கம்பியில் கட்டை அவிழ்த்தாள், வேப்பமரத்தில் அவிழ்த்தாள். முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகக் கயிற்றைச் சுருட்டி, சமையலறையிலிருந்து அந்த எவர்சில்வர் வாளியை எடுத்து வந்து நுனியில் முடிந்து, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"நான் ரொப்புனா நல்ல தண்ணியத்தாம்மா ரொப்புவேன். அது எங்க பழக்கம், மாத்த முடியாது. வா, நீயே எறக்கு."